கூலிக்குத் தோள் கொடுத்தவன்

லிமாவில் காசுள்ளவன் செத்தால் அவன் பெட்டியைக் கறுப்பர்கள்தான் தூக்க வேண்டும். வால் வைத்த கோட்டு, வெள்ளைக் கையுறை, ஒரே உயரத்தில் ஆறு பேர். எங்கள் தோல் எவ்வளவு கறுப்போ, செத்தவனுக்கு அவ்வளவு மரியாதை. உயிரோடு இருந்தவரை எங்களை வாசல் தாண்ட விடாதவர்கள், செத்ததும் எங்கள் தோளில் ஏறிக்கொள்வார்கள். இருபத்தாறு வருடம் இந்தப் பிழைப்புதான், அதிலும் ஆறு பேருக்கு மேஸ்திரியாக. ஆனால் நான் சொல்ல வந்தது நிக்கனோர் சியுவைப் பற்றி.

நிக்கனோரின் அம்மா எங்கள் இனத்துப் பெண், எல் கார்மென் ஊர்க்காரி. லிமாவுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்தாள். அந்தக் கடையின் சீன முதலாளி எமிலியோ சியுதான் அப்பா. பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்தார், ஞாயிறுதோறும் ஒரு பொட்டலம் வறுத்த சோறும் கொண்டு வந்தார். பையனுக்கு ஒன்பது வயதானபோது அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அத்தோடு வரத்து நின்றது. கண், கன்ன எலும்பு என்று அப்பனின் முகம் மட்டும் இவனிடம் தங்கிவிட்டது. நிறம் அம்மாவுடையது, அதுவும் பாதி.

ஒருமுறை சீனர் சங்கத்துப் புத்தாண்டு விருந்துக்குப் போனான். "சாமான் இறக்குறவங்க பின்பக்கமா வாங்க" என்றான் வாசலில் நின்றவன். இன்னொரு முறை, கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கு அம்மாவின் ஊருக்குப் போய்க் கையில் மணியோடு வரிசையில் நின்றான். "டேய் சீனா, நீ ஓரமா நின்னு கைதட்டு" என்றார் சொந்தத் தாய்மாமன். நாங்கள் மட்டும் என்ன யோக்கியம்? எங்கள் தெருக் கூட்டத்திலும் அவன் பெயர் சீனாதான். செல்லமாகக் கூப்பிடுகிறோமாம். செல்லமாவது மண்ணாங்கட்டியாவது.

ஒரு பிப்ரவரிக் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பெர்மின் அண்ணே, எமிலியோ சியு சாவுக்கு இன்னைக்கு நம்ம ஆளுங்கதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"என்னையும் சேத்துக்க."

"நீ மகன்டா! போய்ப் பெட்டி பக்கத்துல உட்காரு."

"நேத்தே போனேன். காவக்காரன் கேட்டைத் திறக்கல. கூலிக்காரனா வந்தா திறப்பாங்கல்ல? அவரைக் கடைசி வரைக்கும் தூக்கிட்டுப் போகணும் அண்ணே. வேற எதுவும் வேணாம்."

ஆறு பேரில் ஒருவனை நிறுத்திவிட்டு அவனைச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் மூத்த மகன் ஆர்மாண்டோ எங்களை வரிசையாக நிறுத்தி, மாடு பிடிக்க வந்தவன்போல ஒவ்வொருவராகப் பார்த்தான். நிக்கனோரிடம் வந்ததும் நின்றான். சுவரில் செத்தவரின் இளவயதுப் படம் தொங்கியது. அதே முகம்தான் ஆர்மாண்டோவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. அந்த மனிதனுக்கு அது தெரியவே இல்லை.

"மேஸ்திரி, ஆறு கறுப்பன்னுதானே சொன்னேன்? இவன் என்ன சீனாக்காரன் மாதிரி இருக்கான்? எங்க சொந்தக்காரன் எவனோ கூலிக்குப் பெட்டி தூக்குறான்னு வர்றவங்க சிரிக்கப் போறாங்க. ஆளை மாத்து."

சொன்னவன் முகத்திலும் அதே கண்கள்தான். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பியிருந்தால் நான் மனிதன். அதற்குப் பதிலாக, "ஷூ பாலிஷ் இருக்குங்க ஐயா, பூசிட்டா தெரியாது" என்றேன்.

தோட்டத்துக் குழாயடியில் வைத்துப் பூசினேன். என் தோலைச் சொல்லி என்னை ஏசாதவர்கள் இந்த ஊரில் இல்லை. அந்த நான், இன்னொருவன் தோலில் கறுப்பு போதவில்லை என்று துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்குக் கீழயும் பூசு அண்ணே," என்றான் நிக்கனோர். "இப்ப தூக்கலாம்ல?"

தூக்கினான். வேர்த்து வழிய, ஒரு தடவைகூடத் தோள் மாற்றாமல் கல்லறைத் தோட்டம்வரை வந்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுவரில் பெட்டியைச் செருகும் மாடத்துக்கு இருபது அடி முன்னால் கூலிக்காரர்கள் விலகிவிடவேண்டும். மிச்சத் தூரம் மகன்களுக்கும் சொந்தங்களுக்கும் உரியது. பெட்டியைத் தோளிலிருந்து கைக்கு இறக்கியதும் நாங்கள் ஐந்து பேர் விலகினோம். நிக்கனோர் கைப்பிடியை விடவில்லை.

"உன் வேலை முடிஞ்சுது, விடு," என்றான் ஆர்மாண்டோ.

"இல்ல. இவரு எங்கப்பா."

மெதுவாகத்தான் சொன்னான். ஆர்மாண்டோ அவனை உற்றுப் பார்த்தான். பாலிஷுக்கு உள்ளே இருந்த முகம் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெளிறிப்போனான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மேஸ்திரி, யாரு இவன்? உனக்குத் தெரிஞ்சவனா?"

ஆமாம், உங்கள் தம்பி என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அவனால் மறுத்திருக்க முடியாது. ஆனால் எனக்கு அடுத்த சாவும் அதற்கடுத்த சாவும்தான் நினைவுக்கு வந்தன. பணக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

"புது ஆளுங்க ஐயா. வெயில்ல புத்தி கலங்கிப்போச்சு," என்றேன். "டேய் சீனா, கையை எடு."

ஆர்மாண்டோ சொல்லி எடுக்காத கையை, நான் சொன்னதும் எடுத்துவிட்டான்.