விட்டுப்போன 'மை'

வரலாற்றுத் துறையில் அவருக்குத் 'தண்டால் சார்' என்று பெயர். வாழ்நாளில் ஒரு தண்டால் எடுத்தவர் இல்லை. மனிதர்கள் எந்தக் காலத்தில், எதற்காக, எதைத் தூக்கி உடம்பை வளர்த்தார்கள் என்று ஆராய்வதுதான் அவர் பிழைப்பு. மற்ற பேராசிரியர்கள் அரசர்களையும் போர்களையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவர் கர்லாக்கட்டையைக் கட்டிக்கொண்டு அழுதார். விருந்துக்குப் போனால் மச்சான், "தொப்பை குறைய என்ன பண்ணணும் மாப்ள?" என்று ஆரம்பிப்பார். இவருடைய தொப்பையைப் பார்த்ததும் மச்சானே பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வருடம் கிண்டலைத் தாங்கக்கூட அவரிடம் தெம்பில்லை. அவர் நடத்தும் 'உடல் வலிமை வரலாறு' விருப்பப் பாடம். போன வருடம் சேர்ந்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். "இந்தத் தடவையும் வகுப்பு நிறையலைன்னா பாடத்தை மூடிட வேண்டியதுதான் சார்" என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். மூடினால், ஓய்வு பெறும்வரை தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளோடு மாரடிக்க வேண்டும். நினைத்தாலே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அறிவிப்புப் பலகையைப் பார்த்தபோது அந்தப் பிடிப்பு முதுகுக்கே ஏறியது. 'உடல் வலி வரலாறு' என்று ஒட்டியிருந்தார்கள்.

தட்டச்சர் தலையைச் சொறிந்தார். "ஒரு 'மை'தானே சார் விட்டுப்போச்சு. வேற அடிச்சுக் கொடுக்கலாம்னா, பிரிண்டர்லயும் மை இல்ல."

சண்டை போடத் தெம்பில்லாமல் வகுப்புக்கு நடந்தார். கதவைத் திறந்தால் உட்கார இடமில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகள். கிடங்கில் பெட்டி தூக்குபவர்கள், விடிய விடிய நின்று காவல் காப்பவர்கள், மருத்துவமனையில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பவர்கள். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். இப்படி யாரும் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. பேசாமல் இருந்தால் பாடம் பிழைக்கும். ஆனால் பொய் சொல்லி ஆள் பிடிக்க மனம் வரவில்லை.

"பலகையில தப்பா அடிச்சுட்டாங்க. இது வலி இல்ல, வலிமை. போறவங்க போகலாம்" என்றார்.

ஒருவரும் எழவில்லை. முன்வரிசையில் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த பெண் சொன்னாள்: "பரவாயில்ல சார், வந்துட்டோம். முதல்ல வலியைச் சொல்லுங்க. வலிமைக்கு மெதுவாப் போயிக்கலாம்."

அவர் வாய் திறந்தார். எவன் எவ்வளவு தூக்கினான் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. தூக்கியவனுக்கு மறுநாள் எங்கே வலித்தது என்று மட்டும் அவர் தேடிப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க. அங்கிருந்து ஆரம்பிப்போம்."

இரவு மனைவி அவர் முதுகில் தைலம் தேய்த்தாள். "பாடம் தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது. இத்தனை வருஷம் வலிமைன்னு கூவினேன், திரும்பிப் பார்க்க ஆளில்ல. வலின்னதும் உட்கார இடமில்ல."

"இதுக்கு ஏன் இவ்வளவு படிச்சீங்க? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றாள் அவள், தன் தோளைப் பிடித்துவிட்டபடி.

அந்தத் தோளை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டார்.