மேனேஜர் சாமி

சவரிமுத்து எனக்கு அண்ணன் முறை. என் அம்மாவின் அக்கா மிக்கேலம்மாள் பெற்ற ஒரே பிள்ளை. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் மூத்தவர் சவுரியப்பன் மாமா. அந்த மாமாவின் மகள் புஷ்பமேரி. முறையென்று பார்த்தால் சவரியண்ணனுக்கு அவள்தான். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிக்கவில்லை. பேசி முடிக்க அதில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் இருந்துவிட்டோம். கிறிஸ்துமஸுக்கு மாமா வீட்டில் பலகாரம் சுட்டால் முதல் தட்டு மிக்கேலம்மாள் பெரியம்மா வீட்டுக்குப் போகும். கொண்டு போவது புஷ்பாவாக இருக்கும். அதுதான் அத்தாட்சி, வேறு ஒன்றுமில்லை.

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி வண்டிப்பாதையில் நடந்தால் எங்கள் ஊர். எங்களுடையது கிளைக்கோயில். மாதம் ஒரு தடவை பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். பூசை முடிந்ததும் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் போய் உட்காருவார். பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் மேனேஜர். வாத்தியார் முந்தின நாளே பிள்ளைகளிடம், "நாளைக்கு மேனேஜர் வர்றாரு, எல்லாரும் எண்ணெ வெச்சுத் தலைய வாரிக்கிட்டு வாங்க" என்பார். அதனால் ஊர் முழுக்க அவருக்குப் பெயரே மேனேஜர் சாமி. சாமியார்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. வேறு மேனேஜரை எங்கள் ஊர் கண்டதில்லை.

பெரியப்பா பெரியநாயகம் சீக்கிரமே போய்விட்டார். பெரியம்மா கூலிக்குக் களையெடுத்துத்தான் அண்ணனைப் படிக்க வைத்தார். சேலத்தில் கெமிஸ்ட்ரி படித்து பி.எஸ்ஸி. வாங்கினார் அண்ணன். எங்கள் சனத்தில் அதுதான் முதல் பட்டம். மாமா சந்தோஷத்தையும் குத்தலாகத்தான் சொல்லுவார். "இனிமே எங்க கெணத்துத் தண்ணிய நீ குழாயில ஊத்திப் பாத்துச் சொன்னாத்தான் குடிப்போம், மாப்ளே" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டார். மாமாவின் பேச்சுக்குச் சிரிப்பதுதான் பதில் என்று சின்னதிலிருந்தே பழக்கம்.

அரூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி மில்லில் மாவைச் சோதிக்கிற வேலை கிடைத்தது. சில வருடம் அங்கே இருந்தார். ஜவ்வரிசிக்கு அரைக்கிற குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கினால் உடனே அரைபட வேண்டிய பண்டம். ஆனால் அந்த மில் வாசலில் கிழங்கு லாரிகள் வரிசையாக வெயிலில் நிற்கும். எடை போட ஒரே ஆள். அவர் சாப்பிடப் போனால் எடைமேடை பூட்டு. வெளியே கிழங்கு புளிக்கும், உள்ளே மிஷின் சும்மா கிடக்கும். அரைத்தால் மாவு மஞ்சளாக வரும். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "ஏன்யா மாவு மஞ்சளா இருக்கு?" என்று கத்துவார். அண்ணன் வாசலைக் காட்டினார். "தம்பி, நீ உன் கண்ணாடிக் குழாயப் பாரு. வாசலப் பாக்க ஆள் இருக்குது" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

இதை அண்ணன் என் அம்மாவிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார். "சின்னம்மா, குத்தம் மாவுல இல்ல. ஆளையும் வேலையையும் அடுக்கற வெதத்துல இருக்குது. அத நான் சொன்னா எடுபட மாட்டேங்குது. அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குதாம், அதப் படிச்சவன் சொன்னாத்தான் கேப்பாங்களாம்." என் அம்மாவுக்கு விளங்கியது பாதி. "படிச்சது பத்தாதா சாமி உனக்கு?" என்று கேட்டு மோர் ஊற்றிக் கொடுத்தாராம்.

எழுபதாம் வருடம் அண்ணனுக்கு அந்தப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வடக்கே, பீகார் பக்கம். சாமியார்கள் நடத்துகிற கல்லூரி. உபகாரச் சம்பளமும் உண்டு. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது மாமாவிடம் சொன்னார். நான் அப்போது கல்யாணமாகி இண்டூரில் இருந்தேன், அன்றைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்திருந்தேன். கொஞ்ச தூரத்தில் நின்றதால் இந்தப் பேச்சு அப்போது எனக்குக் கேட்கவில்லை. பிற்பாடு இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், வார்த்தை மாறாமல்.

"மாமா, நான் மேனேஜருக்குப் படிக்கப் போறனுங்க."

மாமா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மேனேஜருக்கா? எங்க?"

"வடக்கீங்க மாமா. சாமியாருங்க காலேஜு. அங்கயே தங்கிக்கணும்."

"செலவு?"

"எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க."

"முடிச்சிட்டு?"

"எங்க வேலைக்குப் போடறாங்களோ அங்க போவணும். நம்ம இஷ்டம் கெடையாது."

"அப்ப குடும்பமெல்லாம்?"

அம்மாவைப் பற்றிக் கேட்கிறார் என்று அண்ணன் நினைத்தார். "அம்மாவ சின்னம்மா பாத்துக்குவாங்க மாமா. குடும்பத்தப் பத்தியெல்லாம் இப்ப நெனைச்சா போவ முடியாது."

மாமா சிலுவை வரைந்துகொண்டார். "போய்ட்டு வாங்க. கடவுள் கூப்புட்டுப் போறவங்கள நான் யாரு தடுக்க?" என்றார்.

ஒருமையில் பேசுகிற மாமா அன்றைக்கு 'வாங்க' என்றார். வழக்கமான குத்தல் என்று அண்ணன் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அதை அண்ணன் பார்க்கவில்லை.

பெரியம்மாவுக்கும் அதே அர்த்தம்தான் போய்ச் சேர்ந்தது. அண்ணன் மூன்று வயதில் வைசூரி கண்டு கிடந்தபோது, பிழைத்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர் அவர். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. மகன் தானாகவே போகிறான், கடவுள் மறக்கவில்லை என்று அவர் அழுதார். பிரிவுக்கு அழுகிறார் என்று மகன் தேற்றினார். அண்ணன் ரயிலேறினார், எங்கள் சனம் முழுக்க அவரைச் சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பிவைத்தது.

வடக்கே கல்லூரியில் அவருக்கு யாரும் இல்லை. வகுப்பில் தமிழ் பேச ஒருத்தர் கிடையாது. இந்தி வராது, இங்கிலீஷ் படிக்க வரும், பேசத் தயக்கம். முதல் வருட லீவில் ஊருக்கு வர முடியாமல் ஏதோ ஒரு கம்பெனியில் பழகும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மழைக்காலத்தில் ஜன்னலில் உட்கார்ந்து, இந்நேரம் மாமா வீட்டுக் களத்தில் ராகிக் கதிர் காயும், புஷ்பா கோழி விரட்டுவாள் என்று நினைத்துக்கொள்வாராம். கேட்கிறவர் இல்லாததால் அதைத் தமிழில் வாய்விட்டே சொல்லிக்கொள்வாராம்.

அவர் அங்கே இப்படி இருந்தபோது, எழுபத்தொன்றில், தபசுகாலம் முடிந்து ஈஸ்டர் கழிந்ததும் புஷ்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கவயலில் வேலை. மாப்பிள்ளையின் தகப்பனாரும் என் மாமனாரும் ஒரு வழியில் மாமன் மச்சான், நல்ல குடும்பம். புஷ்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. சாமியாராகப் போகிற ஆளுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு பெண் எப்படிச் சொல்ல முடியும்? அது பாவமல்லவா? அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். வடக்கே அண்ணனுக்கு ஒரு வரி தெரிவிக்கவில்லை. சாமிக்குப் படிக்கிற பிள்ளையின் மனசைக் கலைக்கக் கூடாது என்று பெரியம்மாவே எல்லாரையும் வாயடக்கி வைத்திருந்தார்.

எழுபத்திரண்டு கோடையில் அண்ணன் பட்டத்தோடு பொம்மிடியில் வந்து இறங்கினார். ஊர் எல்லையில் குள்ளம்மாள் கிழவி விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள். "தோத்திரம் சாமி." கிழவிக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நடந்தார்.

டீக்கடையில் கோவிந்தன் இருந்தான். கவுண்டர் வீட்டுப் பையன், அண்ணனோடு ஒன்றாகக் கிணற்றில் குதித்தவன். அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்று பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஏன்டா, என்னைப் பாத்தா உங்கப்பன் மாதிரியா இருக்குது?"

"அதில்லீங்க. சாமி முன்னால..."

"எந்தச் சாமிடா?"

கோவிந்தன் தலையைச் சொறிந்தான். "நாங்க வேற மதம்னாலும் மட்டுமரியாதை தெரியாதுங்களா?"

வீட்டில் பெரியம்மா ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்து, மேசை போட்டு, மேலே சிலுவையில் பாடுபட்ட சுரூபம் வைத்திருந்தார். மகனுக்குத் தனியாக இலை போட்டார். "நீயும் உக்காரும்மா" என்றால் உட்காரவில்லை. விசிறிக்கொண்டே நின்றார்.

"அங்கி எப்ப சாமி குடுப்பாங்க?"

"என்ன அங்கி?"

"பட்டம் குடுத்துட்டாங்கன்னியே. உன் மொதல் பூசைய நம்மூர் கோயில்லதான வெப்ப?"

அண்ணனுக்கு அப்போதுதான் கிழவியின் கும்பிடும் கோவிந்தனின் பீடியும் விளங்கின. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா, புஷ்பா எங்க?"

"அவ தங்கவயல்ல நல்லா இருக்கா கண்ணு. வயித்துல ஒண்ணு இருக்குது. அதெல்லாம் நீ எதுக்குக் கேக்கற?"

கை கழுவாமல் எழுந்து மாமா வீட்டுக்குப் போனார். மாமா அவரைக் கண்டு கட்டிலை விட்டு எழுந்தார்.

"உக்காருங்க மாமா. நான் சாமிக்குப் படிக்கலீங்க."

"மேனேஜருக்குன்னீங்களே?"

"மில்லு மேனேஜருங்க. கம்பெனி மேனேஜர்."

"மில்ல நடத்தறதுக்கு எதுக்குச் சாமியாருங்க பாடம் நடத்தறாங்க?"

அண்ணன் அதற்கு என்னென்னவோ சொல்லியிருக்கிறார். மாமா காதில் ஏறவில்லை. கடைசியில் மாமா உட்கார்ந்துவிட்டார்.

"போறப்ப ஒரு வார்த்த, புஷ்பா எனக்கு, வந்து கட்டிக்கறேன்னு சொல்லியிருந்தா..."

"அதச் சொல்லணுமுங்களா மாமா?"

"சொல்லணும்."

இரண்டு பேர் மேலும் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. எங்கள் சனத்தில் முறைக்காரியை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை, அண்ணன் மட்டும் எப்படிக் கேட்பார்?

பிறகுதான் பெரிய கஷ்டம் வந்தது. அண்ணன் உண்மையைச் சொல்லச் சொல்ல, ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. குருமடத்திலிருந்து ஓடி வந்துவிட்டான், வெட்கப்பட்டுக்கொண்டு மில் கில் என்று கதை விடுகிறான் என்று பேசினார்கள். கோவிந்தன் மறுபடி பீடியைக் காட்டிப் பிடித்தான், ஆனால் தோளில் கை போடவில்லை. மடத்தை விட்டு வந்தவனுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். என் அம்மா மூன்று நான்கு இடத்தில் கேட்டுப் பார்த்தார். "கடவுளுக்குன்னு போயிட்டுத் திரும்புனவன், நாளைக்கு எம் பொண்ண வுட்டுட்டுத் திரும்ப மாட்டான்னு என்ன நிச்சயம்?" என்று ஒரு அம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

அண்ணன் முதலில் பெங்களூரில் வேலை பார்த்தார். ஓசூரில் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் அங்கே வந்தார். ஆட்களை நடத்துகிற அதிகாரி. அவர் சொன்னால் அங்கே கேட்டார்களாம். பெரியம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். "நேர்ச்சையக் கெடுத்துட்டு வந்த புள்ள வூட்டுல நான் எப்படிக் கை நனைப்பேன்?" என்று பெரியம்மா கடைசிவரை போகவில்லை. நான் ஒருமுறை ஓசூர் போயிருந்தேன். இரண்டு அறை வீடு. கம்பெனி ஆட்கள் ஐயா ஐயா என்று வாசல்வரை வந்து போனார்கள், உள்ளே வந்து உட்காருகிறவர் இல்லை. எனக்கு அவரே சோறு வடித்துப் போட்டார். குழம்பில் உப்பு இல்லை. அவருக்கு அது தெரியவில்லை.

எழுபத்தெட்டில் சவுரியப்பன் மாமா இறந்தார். அடக்கத்துக்கு எல்லாரும் வந்தோம். புஷ்பாவின் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காததால் அவள் இளைய குழந்தையோடு தனியாக வந்திருந்தாள். காரியம் முடிந்து அவளை ரயிலேற்ற நானும் அண்ணனும் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்தோம், எனக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். ரயில் தாமதம்.

"மாமா," என்றாள் புஷ்பா. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான் முதல். "நெஜமாலுமே அது மில்லுப் படிப்புத்தானுங்களா?"

"ஆமா புஷ்பா."

"அப்பா சாவறவரைக்கும் நம்பல."

"தெரியும்."

அவள் மறுபடி கேட்டாள். "அதுல என்னாதான் சொல்லித் தருவாங்க?"

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஏன் போனாய், ஏன் வந்தாய் என்றுதான் கேட்டோம், என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. அவர் கிழங்கு லாரியிலிருந்து ஆரம்பித்தார். வாசல், எடைமேடை, புளித்த மாவு. அவள் தலையாட்டிக் கேட்டாள்.

"உங்ககூடப் படிச்சவங்கல்லாம் யாருங்க?"

"பாதிப் பேரு இஞ்சினீரு. ஒருத்தன் சரித்திரம் படிச்சவன். ஒருத்தர் மாட்டு டாக்டரு."

அவள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். துக்க வீட்டிலிருந்து வந்தவள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. "மாட்டு டாக்டருக்கு எதுக்குங்க மாமா மேனேஜர் படிப்பு?"

"அப்படிக் கேளு. அவரு இருந்த ஆஸ்பத்திரியில மருந்தெல்லாம் இருக்குமாம். பீரோ சாவி மட்டும் இன்னொருத்தர்கிட்ட இருக்கும். கன்னு போட முடியாம ஒரு மாடு வந்து கெடந்தப்போ, சாவிக்காரரு சந்தைக்குப் போயிட்டாராம். டாக்டரு கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. மாட்டுக்காரன் அவரப் பாத்து..."

ரயில் வந்துவிட்டது. குழந்தையை நான் தூக்கினேன், பையை அண்ணன் எடுத்தார். கூட்டத்தில் அவளை ஏற்றிவிடவே நேரம் சரியாக இருந்தது. ஜன்னல் வேறு பக்கம் வாய்த்ததால் கையசைத்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

பிளாட்பாரம் காலியான பிறகு நான் கேட்டேன். "மாட்டுக்காரன் என்னண்ணா சொன்னான்?"

"எந்த மாட்டுக்காரன்?" என்றார். அப்புறம், "அது பெரிய கதை ரோசம்மா. ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி நடந்தார்.