இரட்டைப் படகின் முன்சீட்டு

நான் குடியிருக்கும் ஊரில், விடிந்தும் விடியாததுமாகக் கார்கள் தம்மைவிட நீளமான படகைத் தலையில் சுமந்துகொண்டு கடலுக்குப் போகும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த்துக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊர் இது. வந்த புதிதில் பால் வாங்கப் போனபோது சிக்னலில் அப்படி ஒரு கார் எனக்கு முன்னால் நின்றது. படகின் வால் என் கார்க் கண்ணாடியைக் குத்துகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் கட்டுகிற அதே சிவப்புத் துணி. வேலைக்குப் போய் அது என்ன படகு என்று கேட்டேன். 'சர்ஃப் ஸ்கி' என்றார்கள். ஸ்கி என்றால் பனியில் வழுக்குவதாயிற்றே, இந்த வெயிலில் பனிக்கு எங்கே போவது என்று கேட்டுவிட்டேன். அன்று முழுக்கப் பட்டறையே என்னைப் பார்த்துச் சிரித்தது.

சிரிக்காதவன் ஒருத்தன்தான். முருகேசன். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமம் அவனுக்கு. எனக்கோ மலைக்குக் கீழே சமவெளியில், கரும்புக்காட்டு ஊர். இந்தக் கரையில் சென்னைக்காரர்கள் இருக்கிறார்கள், மதுரைக்காரர்கள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் இருக்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் கூடி என் பேச்சைக் கேட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று ரசிப்பார்கள். 'இன்னா'வும் 'வூடு'ம் வேடிக்கையாகத் தெரியாத ஒரே காது முருகேசனுடையது. அந்தக் காதை நான் எப்படி இழந்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். படகு எப்படி வாங்குவது என்பதும் கூடவே வரும், வாங்க நினைக்கிறவர்களுக்கு அதுவாவது உதவட்டும்.

முருகேசன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். சுரங்க லாரிகளைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் எனக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரியும் அவன்தான். ஆனால் முதல் நாள் டீ குடிக்கையில் என் ஊர்ப் பேரைக் கேட்டான், அப்பா பேரைக் கேட்டான், எத்தனை ஏக்கர் என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் 'அண்ணே, நீங்க'. எனக்கு அவன் 'டேய் முருகேசா'. இரண்டு பேருமே அதைப் பற்றி யோசிக்கவில்லை. கடல் தாண்டி இத்தனை ஆயிரம் மைல் வந்தும் நாக்கு அதுவாகவே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

என்னைத் துடுப்புப் போட அழைத்துப் போனதும் அவன்தான். கிரெக் என்று ஒரு கிழவர் அங்கே பயிற்சி கொடுக்கிறார். படகு என்றதும் உள்ளே இறங்கி உட்காருவது என்று நினைக்காதீர்கள். சர்ஃப் ஸ்கி மேலே மூடியிருக்கும், இடுப்பு அளவுக்கு ஒரு குழியில் உட்கார்ந்து, கால் கட்டையை மிதித்துச் சுக்கானைத் திருப்பி, இரண்டு பக்கமும் தகடு வைத்த துடுப்பால் இழுக்க வேண்டும். எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு வேகம். எவ்வளவு வேகமோ அவ்வளவு கவிழும். கிரெக் என்னிடம், "படகிலிருந்து உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். நான் "வேகம்" என்றேன். "நீந்துவாயா?" என்றார். எங்கள் கிணற்றில் மூன்று ஆள் உயரத்திலிருந்து குதித்து வளர்ந்தவன் நான் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "கிணற்றில் அலை வருமா?" என்று கேட்டார்.

அகலமான படகில் ஆறு மாதம் பழகு, பிறகு ஒல்லியானதற்கு மாறிக்கொள் என்பது அவர் சொன்ன புத்தி. நான் கேட்கவில்லை. கார்பனில் செய்த, என் இடுப்பைவிடக் கொஞ்சமே அகலமான பந்தயப் படகைச் சோதனைக்கு எடுத்தேன். உட்கார்ந்தேன், கவிழ்ந்தேன். ஏறினேன், கவிழ்ந்தேன். முழங்கால் ஆழத் தண்ணீரில், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தக் காலைப் பொழுதை அப்படியே கழித்தேன். அதே படகில் முருகேசன் ஏறி, துறைமுகச் சுவர்வரை போய்த் திரும்பினான். அலட்டல் இல்லாத அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"மலைக்காரன் இல்ல, ஒனக்கு ஒடம்புலியே இருக்குது" என்றேன்.

"ஒடம்புல ஒண்ணும் இல்லண்ணே. அஞ்சு மாசமா வுழுந்து வுழுந்துதான் கத்துக்கினேன். எங்க மலையில ஏது கடலு" என்றான்.

தனிப்படகு எனக்கு ஆகாது என்று தெரிந்த பிறகு, இரண்டு பேர் சேர்ந்து போகும் இரட்டைப் படகு வாங்கலாம் என்று அவன்தான் யோசனை சொன்னான். பாதிப் பாதி போட்டு வாங்கினோம். பழைய படகுதான். அடுத்த ஐந்தாறு சனிக்கிழமைகள் அவன் வீட்டுக் கார் கொட்டகையில் அதைச் சீர் பண்ணினோம். இந்த நாட்டில் நான் நன்றாக இருந்த நாட்கள் அவைதான், எண்ணிச் சொல்லிவிடலாம். குழியில் என் இடுப்பெலும்பு உரசாமலிருக்க நுரைப்பட்டையை வெட்டி ஒட்டினான். குழியில் ஏறும் தண்ணீரைப் படகின் ஓட்டத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் அடித்துளையைக் கழற்றித் துடைத்து மாட்டினான். திறந்த கடலுக்குப் பெரிய சுக்கான், தேங்கிய தண்ணீருக்குச் சின்னது என்று இரண்டு தேடிப் பிடித்தான். கார் கூரைக்குப் படகு வளைவுக்கேற்றபடி தாங்கி செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தேன். வேலை செய்தது முழுக்க அவன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

கெண்டைக்காலையும் படகையும் பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு. கவிழ்ந்தால் காற்று படகை அடித்துக்கொண்டு போய்விடாமலிருக்க அது வேண்டும். அதைக் கட்ட வந்தபோது காலை இழுத்துக்கொண்டேன்.

"பொணத்துக்குத்தான்டா கால்ல கட்டுவாங்க."

"கட்டலன்னா அப்பறம் அதுக்குத்தாண்ணே கட்டணும். நீட்டுங்க" என்று மண்டியிட்டுக் கட்டிவிட்டான்.

படகு தயாரானதும் கிரெக் வந்து பார்த்தார். சுக்கானைத் திருப்பும் மிதிகட்டை முன்குழியில் இருக்கிறது. முன்னால் உட்காருபவன்தான் ஓட்டுகிறவன், அலையைப் பார்த்துப் படகைத் திருப்ப வேண்டும். பின்னால் உட்காருபவன் இஞ்சின், முன்னவன் துடுப்புக்கு ஏற்றபடி இழுத்துக்கொடுத்தால் போதும். "முருகேஷ் முன்னால், நீ பின்னால்" என்றார் கிரெக். நான் தமிழில், அவனைப் பார்த்து மட்டும், "முன்சீட்டு எனக்கு" என்றேன். அவன் ஸ்பேனரை எடுத்து மிதிகட்டையை என் கால் நீளத்துக்கு இழுத்து வைத்தான். "உக்காருங்கண்ணே" என்றான்.

முன்சீட்டு எனக்கென்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பதினான்கு வயதில் அப்பாவோடு வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். கரும்பு வெட்ட ஆள் பேசுவதற்காக. திரும்பும்போது பஸ் போய்விட்டது, ஒரு ஜீப்தான் நின்றது. முன்சீட்டில் ஒரு அம்மா காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். அப்பா அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். "எறங்கி பின்னால போம்மா, அவங்க உக்காரட்டும்" என்றான் டிரைவர். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பின்னால் ஏற்கெனவே அடைசல், யாரோ நகர்ந்து அரை ஆள் இடம் கொடுத்தார்கள். மலை வளைவு ஒவ்வொன்றிலும் அந்தக் குழந்தை வாந்தியெடுத்து அழுதது. நானும் அப்பாவும் காற்றாட முன்னால் வந்தோம். மலை நன்றாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.

கிளப்பின் பந்தயம் ஒரு கோடைக்கால மதியத்தில் நடந்தது. தெற்கிலிருந்து காற்று முதுகில் அடிக்க, அது கிளப்புகிற அலைகளின் சரிவில் ஏறி ஏறி வடக்கே ஓடுவதுதான் விளையாட்டு. அலை படகின் வாலைத் தூக்கும் நேரம் பார்த்து இழுக்க வேண்டும், முன்னால் பள்ளம் இருக்கும் பக்கம் திருப்ப வேண்டும். எனக்கு எது பள்ளம், எது மேடு என்றே தெரியவில்லை. "எடது கால அழுத்துங்கண்ணே" என்றான் பின்னாலிருந்து. நான் வலதை அழுத்தினேன். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. ஏறினோம். "இப்ப இழுக்காதீங்க, வுடுங்க, வுடுங்க" என்றான். இழுத்தேன், கவிழ்ந்தது. அவன் சொல்வது சரி என்று மூன்றாவது தடவையே தெரிந்துவிட்டது. தெரிந்தும் செய்யவில்லை. பின்சீட்டிலிருந்து வருகிற பேச்சைக் கேட்டுத் திரும்புவதைவிட முழுகிப்போவது எனக்கு லேசாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு கையால் படகைப் பிடித்து, மறு கையால் என் உயிர்காப்புச் சட்டையின் பட்டையைப் பற்றி, என்னை முதலில் ஏற்றிவிட்டுத்தான் தான் ஏறினான். கடைசியாகக் கரை சேர்ந்தது நாங்கள்தான். எல்லோரும் குளித்து, உடை மாற்றி, கறி சுட்டுச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் கிரெக். இருபது பேர் சுற்றி நின்றார்கள். பட்டறையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். முருகேசன் படகிலிருந்த தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தான். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இவனுக்கு நிதானம் இல்லை. மலை ஆட்கள். எங்கள் கரும்பை வெட்டுவதற்குத்தான் லாயக்கு." வேடிக்கையாகச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் கோபம் இல்லை, அவர்களுக்கு விளங்கவே இல்லை. கிரெக் முகம் மலர்ந்து, "அப்படியா, நீங்கள் இரண்டு பேரும் ஒரே பண்ணையில் வளர்ந்தவர்களா?" என்று முருகேசனைக் கேட்டார். "கிட்டத்தட்ட" என்றான் முருகேசன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு என்னிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"எங்கப்பா ஒங்க பக்கந்தாண்ணே கரும்பு வெட்ட வருவாரு. ரெண்டு வெரலு அங்கதான் போச்சு. துணியச் சுத்திக்கினு அன்னிக்கு லோடு முடிச்சிட்டுதான் போவணும்னு சொல்லிட்டாங்களாம். அது ஒங்க வூட்டுக் காடா, வேற யார்துமான்னு நான் அவர்ட்ட கேட்டதில்ல. ஒங்ககிட்டயும் சொல்லல. சொன்னா ஒங்களுக்கு சங்கடமா இருக்கும்னு." என் காலைப் பார்த்தான். "கயித்த அவுத்துக்குங்க. படகு நீங்களே வச்சுக்குங்க."

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்த இடத்தில் எனக்குத் தோன்றியதோ, அந்தக் காடு எங்களுடையதாக இருக்காது, எங்கள் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று வாதாட வேண்டும் என்பதுதான். "எங்க காட்டுல அப்பிடிலாம் நடக்காதுடா" என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். அந்த வாரமே ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேட்டேன். "யாருக்குன்னு ஞாபகம் வச்சிக்கினு இருக்கிறது? வருசத்துக்கு ரெண்டு பேருக்குப் படும்" என்றார். பிறகு இந்த வருடம் கரும்பு வெட்ட ஆலை கொடுக்கும் உத்தரவு தாமதமாவதைப் பற்றிப் பேசினார்.

பட்டறையில் முருகேசன் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் வேலைச் சீட்டைக் கொடுப்பான், நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவான், என்னைப் பற்றி மேலதிகாரிகளிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எல்லாம் ஆங்கிலத்தில். அந்த பாஷையில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, எல்லோருக்கும் ஒரே 'யூ'. முதலில் கோபம் என்று நினைத்தேன். மாதங்கள் போன பிறகுதான், அவனுக்கு அது வசதியாக இருக்கிறது என்று புரிந்தது. கிளப்பில் எனக்குப் பின்னால் உட்கார ஆள் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கு முதுகு வலி, ஒருத்தருக்குப் பேரன் பிறந்தநாள். இரட்டைப் படகைத் தனி ஆளாக ஓட்டினால் ஆளில்லாத முனை தூக்கிக்கொண்டு திமிறும், அதனால் நான் அலை இல்லாத உட்பக்கத்திலேயே கிடந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கிடக்கும்போது ஒரு புது இரட்டைப் படகு வந்தது. முன்குழியில் முருகேசன், பின்னால் டேனி என்று பட்டறைக்குப் புதிதாகச் சேர்ந்த வெள்ளைக்காரன். "மார்னிங், மேட்" என்றான் முருகேசன், யாருக்கும் சொல்கிற மாதிரி. நான் பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாய் குழறியது என்றாலும் சொல்லிவிட்டேன்.

"நல்லா இருக்கீங்களாண்ணே? வூட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

துடுப்பு ஒரு வீச்சு நின்றது. டேனி பின்னாலிருந்து, "என்ன சொல்கிறார் அவர்?" என்று கேட்டான்.

முருகேசன் என் முகத்தை நேராகப் பார்த்தான். "தெரியலை, மேட். அவங்க ஊர் பாஷை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இடது காலை அழுத்திப் படகைத் திறந்த கடல் பக்கம் திருப்பினான்.