கஞ்சியை மறுத்த கட்டுமரக்காரர்

1. தட்டிவிட்ட கிண்ணம்

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் கன்னியப்பர் கஞ்சிக் கிண்ணத்தை இடது கையால் தட்டிவிட்டார். என் புடவையெல்லாம் கஞ்சி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாகக் குப்பை கொட்டியவள் நான். துப்பியவர்கள், கடித்தவர்கள், கெட்ட வார்த்தையால் அர்ச்சனை செய்தவர்கள் எல்லோரையும் சமாளித்திருக்கிறேன். வாயை இறுக மூடிக்கொண்ட இந்த மனிதரிடம் மட்டும் என் ஜம்பம் பலிக்கவில்லை.

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. திருவொற்றியூரில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த முருகேசனின் வீடு. கன்னியப்பர் அவருடைய அப்பா. காத்திவாக்கத்தில் கட்டுமரம் ஓட்டியவர். வயது எழுபதை நெருங்கும்போது வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. மகன் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, அதில் படுக்கவைத்திருந்தார். மருமகள் அஞ்சலைக்குக் கைக்குழந்தை. அதனால் ராயபுரத்து டாக்டரம்மா பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார். இப்போது இந்த வேலைக்கு வரும் நீங்கள் ‘ஹோம் நர்ஸ்’ என்று மிடுக்காகச் சொல்லிக்கொள்கிறீர்கள். அப்போது அந்தப் பெயரெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வருகிற ஆயா, அவ்வளவுதான்.

காலையில் ஸ்பாஞ்ச் பாத். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது. முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடுவது. பெட் பான் வைத்து, எடுத்து, கழுவிவிடுவது. வார்டில் செய்த அதே வேலைதான். படுத்தே கிடந்தால் முதுகில் வரும் பெட் ஸோர் ஒன்றைக்கூட வரவிடவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஆனால் அவர் நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். தண்ணீரையும் இரண்டு வாயோடு நிறுத்திவிடுவார். பத்தாம் நாள் வந்து பார்த்த டாக்டரம்மா, முருகேசனையும் என்னையும் வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

“நாக்கு வறண்டு கிடக்கு. யூரின் கறுத்துப்போச்சு. இப்படியே போனா இன்னும் ஒரு வாரம் தாங்கறது கஷ்டம். எப்படியாவது சாப்பிட வைங்க.”

2. “எனுக்கு கீதே”

அன்று மதியம் அஞ்சலை தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நேராகவே கேட்டேன்.

“இன்னா பெரியவரே, சாவறதுன்னே முடிவு பண்ணிட்டியா?”

வாய் கோணியிருந்ததால் அவர் பேச்சு குழறும். எனக்கு அது பழகியிருந்தது. சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

“துன்னா போவணும். போனா நீ கயுவணும். அதான் துன்னல.”

“அது என் வேலை. எனுக்கு ஒண்ணும் அருவருப்பு இல்ல.”

“உனுக்கு இல்ல. எனுக்கு கீதே. ஊர்ல விடியறதுக்கு முன்ன மணல் பக்கம் போய்ட்டு வந்துருவேன். எம் பொண்டாட்டிகூட பாத்ததில்ல.”

எனக்கு யாரோ அறைந்தது போல இருந்தது. பத்து வருஷமாக, முகம் சுளிக்காமல் கழுவிவிடுவதே பெரிய தொண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுவிவிடப்படுகிறவர் பக்கமிருந்து ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்போதே முடிவு செய்தேன். இந்த மனிதரை அவர் காலாலேயே கக்கூஸுக்குப் போகவைக்காமல் இந்த வீட்டை விட்டு நகர்வதில்லை. கட்டிலிலிருந்து பின்வாசல் கக்கூஸ் வரை நடந்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு அடி.

மறுநாளே வார்டு பழக்கப்படி கட்டில் விளிம்பில் உட்காரவைத்தேன். அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தூக்கினேன். அவர் வலது முட்டி மடங்கியது. இருவரும் விழுந்தோம். நான் கீழே, அவர் மேலே. நல்லவேளை, அடி எனக்குத்தான்.

சாயங்காலம் முருகேசன் கொதித்துவிட்டார். “ஆயாம்மா, இனிமே எங்க நைனாவ கட்டில வுட்டு எறக்காத. உயுந்து கால ஒடைச்சிக்கினா நீயா பதில் சொல்லுவ?”

நியாயமான கேள்வி.

3. வாசலில் நின்ற கட்டில்

அதற்கு அடுத்த நாள் கட்டிலில் மூட்டைப்பூச்சி கண்ணில் பட்டது. நானும் அஞ்சலையும் பெரியவரைப் போர்வையோடு தூக்கிக் கோரைப்பாயில் விட்டோம். கட்டிலை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம்.

உயிர் போகும் நேரத்தில்தான் ஒருவரைக் கட்டிலை விட்டுத் தரையில் இறக்குவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கழுவி நிறுத்திய கட்டிலைத் தெருமுனையிலிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

உள்ளே திரும்பி வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பெரியவர் மண்டியிட்டு, குதிகால்மேல் உட்கார்ந்திருந்தார். சுவர்ச் சாய்மானம் இல்லை. கட்டிலில் மூன்று தலையணை அண்டக் கொடுத்தாலும் வலது பக்கம் சரிந்துவிடுகிற ஆள், முதுகு நிமிர்ந்து இருந்தார்.

“பெரியவரே, யாரு தூக்கி உக்கார வெச்சது?”

“யாரு தூக்கணும்? பொரண்டு, கைய ஊனி எயுந்தேன். நாப்பது வருசம் கட்டுமரத்துல இப்டி மண்டி போட்டுத்தான் துடுப்பு வலிச்சேன். கடல்ல எனுக்கு நாற்காலியா போட்டாங்க?”

அதே நேரம் வாசலில் அலறல். “ஐயோ நைனா! என்ன வுட்டுட்டு பூட்டியே!”

ஷிஃப்ட் முடிந்து வந்த முருகேசன், டிபன் கேரியரைக் கீழே போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமலே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

“டேய்! நான் இன்னும் சாவலடா! அந்தப் பொம்பளைங்கள வூட்டுக்குப் போவச் சொல்லு!” உள்ளேயிருந்து குரல். வாதம் வந்த பிறகு அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

முருகேசனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “உசுரோட கீறப்பவே தரைல போட்டியே ஆயாம்மா, உனுக்கு இன்னா தைரியம்!”

நானும் விடவில்லை. “கட்டில்லயே வெச்சிருந்தா ஒரு வாரத்துல நீயே எறக்கத்தான் போற, தம்பி. டாக்டரம்மா சொன்னத நீயும் கேட்ட. அந்த ஒரு வாரத்த எனுக்குக் குடு. முடியலன்னா நானே மூட்டையக் கட்டிக்கினு போயிடறேன்.”

முருகேசன் அப்பாவைப் பார்த்தார். “கட்டில் வோணாண்டா, பாய் போதும்” என்றார் பெரியவர்.

4. பன்னிரண்டு அடி

மண்டியிட்ட நிலையிலிருந்து எழுப்புவது எப்படி என்று எந்த வார்டிலும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. இருவருமாகக் கண்டுபிடித்தோம். நல்ல காலான இடதை முன்னால் ஊன்ற வேண்டும். இடது கை முக்காலிமேல். நான் அவருக்கு வலது பக்கம். அவர் இடுப்பில் துண்டை மடித்து இறுக்கக் கட்டி, அதைத்தான் பிடித்துக்கொள்வேன். வாதம் அடித்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை நழுவிவிடும், இழுக்கவே கூடாது. எழுவது அவர் வேலை, விழாமல் காப்பது என் வேலை.

முதல் நாள் பாதம் ஊன்றியதோடு சரி. இரண்டாம் நாள் குதிகால்மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். மண்டியிலிருந்து விழுந்தால் பெரிய அடி இல்லை, அது ஒரு வசதி. மூன்றாம் நாள் கால் வெடவெடக்க நின்றார். நின்றுகொண்டே என் பரம்பரையைத் திட்டினார். “பலம் இல்லாம அடுத்த அடி வராது. அரைக் கிண்ணம் குடி” என்று பேரம் பேசுவேன். “அரைதான்” என்று முறைத்துக்கொண்டு குடிப்பார்.

நாலாம் நாள் சாயங்காலம் முருகேசன் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பைப்போடு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர் நெடுக, கக்கூஸ் உள்ளே வரைக்கும், இடது கைக்கு எட்டும் உயரத்தில் பிடிகம்பி அடித்தார். அந்த மனிதர்மேல் இருந்த வருத்தமெல்லாம் எனக்கு அன்றோடு போய்விட்டது.

ஐந்தாம் நாள் கம்பியைப் பிடித்து இரண்டு அடி, ஆறாம் நாள் ஐந்து அடி. ஏழாம் நாள் காலை பெரியவர் பன்னிரண்டு அடியையும் நடந்தார். நானும் பின்னாலேயே உள்ளே நுழையப் போனேன்.

“நீ எங்க வர? வெளிய நில்லு.”

கதவு சாத்திக்கொண்டது. காதைக் கதவில் வைத்தேன். சத்தமே இல்லை. பொறுக்கமாட்டாமல் “பெரியவரே?” என்றேன்.

“உள்ளதான் கீறேன், கீறேன். கத்தாத.”

பிறகு தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அங்கேயே நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

வெளியே வந்து, பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கஞ்சிக் கிண்ணத்தை வழித்து வைத்தார். “இன்னா, வெறும் கஞ்சியா? மீன் கொயம்பு இல்ல?” என்று மருமகளைக் கேட்டார். அஞ்சலை குழந்தையை என் இடுப்பில் திணித்துவிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். என்ன வியாதி என்பதை டாக்டர் எழுதிக்கொடுத்துவிடுவார். நான் வீட்டாரிடம் கேட்பது வேறு. இவர் என்ன வேலை செய்தார்? எப்படி உட்காருவார்? எதற்குக் கூச்சப்படுவார்? நீங்களும் கேளுங்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரு நாள் உங்களை வெளியே நிற்கச் சொன்னால் முகம் வாடாதீர்கள். அந்த நாளுக்காகத்தான் நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். வெளியே நில்லுங்கள். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் நில்லுங்கள்.