கியோட்டோவில் கழற்றிய சட்டை

செல்வரட்ணம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஆறு வருடமாக இரவு வேலை செய்தார். அவர் வீடு திரும்பும் நேரத்தில் மனைவி யோகராணி வேலைக்குப் புறப்படுவாள். டோர்செட் பார்க் அடுக்குமாடியின் லிஃப்ற் வாசலில் இருவரும் சந்தித்து, மகளின் காய்ச்சல், பிறிட்ஜில் இருக்கும் கறி முதலியவற்றைப் பேசி முடித்துப் பிரிவார்கள். இதை இல்லறம் என்று சொல்வதில் தவறில்லை. அந்தச் சொல்லுக்குள் இடம் தாராளம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தொழிற்சாலை ஜப்பானிலிருந்து ஒரு புது மெசின் வாங்கியது. அதைப் பழகி வர இரண்டு பேரை ஒசாக்காவுக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஃபோர்மன் நீக்கிலாஸ், மன்னார்க் கத்தோலிக்கர். மற்றவர் செல்வரட்ணம். மெசின் இரவும் பகலும் ஓடும். பழகி வந்த செல்வரட்ணத்தை எந்த ஷிஃப்ற்றில் போடுவது என்பது நீக்கிலாஸின் கையில் இருந்தது. இரவுக்கு ஆள் பிடிப்பது கஷ்டம் என்று விமானத்திலேயே அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

யோகராணி புறப்படும்போதே சொல்லியிருந்தாள்.

"அந்த மனிசனோடை ஒண்டும் கொளுவாமல் வாங்கோ. நீங்கள் எதையேன் வித்தியாசமாச் செய்தியள் எண்டால் சாகுமட்டும் இரவு வேலைதான்."

பயிற்சி முடிந்து ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. மெசின் கொம்பனியின் பொறியியலாளர் மொரிற்றா இருவரையும் கியோட்டோவுக்கு அழைத்துப் போய்ப் பழைய கோயில்கள் நிறைந்த பகுதியைக் காட்டினார். நவம்பர் மாதம். கல் பாவிய ஏற்றமான தெரு. இரண்டு பக்கமும் மரவீடுகள், ஊறுகாய்க் கடைகள். கடைக்காரிகள் சிறு குச்சியில் முள்ளங்கி ஊறுகாய் குத்தி நீட்டினார்கள். நீக்கிலாஸ் ஒவ்வொரு கடையிலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உறைப்பில்லை என்றார்.

தெரு முடிவில் இருந்த கோயில் ஆயிரம் வருடம் பழையது, பலமுறை எரிந்து திரும்பக் கட்டியது என்றார் மொரிற்றா. அப்படியானால் பழையது எது என்று செல்வரட்ணத்துக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் பகல் வேலை வேண்டி வந்தவர்.

வாசலில் ஒரு கல்தொட்டியில் தண்ணீர் நிறைந்து நின்றது. மேலே அகப்பைகள் வரிசையாகக் கிடந்தன.

"உது குடிக்கிறதுக்கோ, கழுவுறதுக்கோ?" என்றார் நீக்கிலாஸ். "உங்கடை ஆக்களின்ரை கோயில் மாதிரித்தானே, நீர் சொல்லும்."

"கழுவுறது, அண்ணை." செல்வரட்ணம் ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினார். அகப்பையால் மொண்டு இரண்டு காலிலும் ஊற்றினார்.

"காலையுமோ?"

"கோயிலெண்டால் கால் கழுவாமல் எப்பிடிப் போறது?"

நீக்கிலாஸும் ஊற்றினார். "யேசுவே" என்றார். கையையும் வாயையும் மட்டும் நனைத்திருந்த மொரிற்றா, பக்கத்து மரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படியேறியபோது ஊதுபத்தி மணத்தது. உள்ளே மணி ஒன்று ஒலித்தது. செல்வரட்ணத்தின் கை தானாகவே பொத்தானுக்குப் போயிற்று. ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலைக்குள் இருக்கும் கோயிலிலும் அவர் மேற்சட்டையோடு சாமி முன் நின்றதில்லை. ஜக்கெற், சுவெற்றர், சேர்ட், பெனியன் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். உள்ளே இருந்தவர் புத்தர். இலங்கையில் அவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இங்கே பகல் ஷிஃப்ற் கேட்டார்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் நீக்கிலாஸ் வெறும் மேலோடு நின்றார். வயிற்றுக்கு மேலே அந்தோனியார் பதக்கம் குளிரில் ஆடியது. மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசை குலைந்து நின்றார்கள். மொரிற்றா சிறிது யோசித்துவிட்டுத் தன் கழுத்து ரையைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்தார்.

ஒரு பிக்கு வந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று நீக்கிலாஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இன்று குளிர் அதிகம் என்கிறார்" என்றார் மொரிற்றா.

நீக்கிலாஸ் சுற்றிப் பார்த்தார். அந்த முற்றத்தில் மற்ற எல்லோரும் ஓவர்கோட்டோடு நின்றார்கள்.

"செல்வரட்ணம், இவங்கள் ஒருத்தரும் கழட்டேல்லை."

"ஓம், அண்ணை."

"உமக்குத் தெரியுமெண்டுதானே நான் கழட்டினனான்!"

"நான் யோசிக்கேல்லை, அண்ணை. பழக்கத்திலை கழட்டிப்போட்டன்."

நீக்கிலாஸ் சட்டையைப் போட்டார். இறங்கும் வழியில் ஊறுகாய் கேட்கவில்லை. ரயிலிலும் பேசவில்லை. அந்த மௌனத்தில் செல்வரட்ணம் தன் மிச்ச ஆயுளின் இரவுகளைப் பார்த்தார்.

ரொறொன்ரோ விமான நிலையத்திலிருந்து நீக்கிலாஸின் காரில் வந்தார்கள். கென்னடி வீதியில் அடுக்குமாடி வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்கைப் பார்த்தபடி நீக்கிலாஸ் பேசினார்.

"பகலிலை மெசினிலை நிக்கிற பெடியளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கோ, கண்ணாடி போடுங்கோ எண்டு நான் கத்துறன். ஒருத்தன் போடுறானோ? நீர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான், ஃபோர்மன், அந்தக் குளிருக்குள்ளை உரிஞ்சு போட்டு நிண்டிருக்கிறன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

"மன்னிப்பைக் கொண்டுபோய் உடைப்பிலை போடும். திங்கள் தொடக்கம் பகலுக்கு வாரும். உம்மைப் பாத்தெண்டாலும் அவங்கள் கண்ணாடி போடட்டும். ஆனா உந்தக் கதை பக்ரறிக்குள்ளை வந்துதெண்டால் திரும்பவும் இரவுதான்."

ஒருவரைப் பகலுக்கு மாற்ற இது நல்ல காரணம் என்று சொல்ல முடியாது. இதைவிட மோசமான காரணங்களுக்காக மாற்றப்பட்டவர்கள் உண்டு.

மேலே யோகராணி கதவைத் திறந்தாள். செல்வரட்ணம் பெட்டியை வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்காமல் கேட்டாள்.

"சட்டையைக் கழட்டினதுக்கோ பகல் வேலை தந்தவர்?"

"ஓம்."

"இதை ஆறு வருசத்துக்கு முன்னமே கழட்டித் துலைச்சிருக்கலாமே" என்றாள்.