வடிதாளில் நிற்காதது

ராபர்ட்சன்பேட்டையில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உருவம், மூக்குக்கண்ணாடியில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். வடிதாளை நான்காக மடித்துப் புனலில் வைத்து, முதலில் நல்ல தண்ணீர் தெளித்து விரலால் ஒட்டவைத்தார். பிறகுதான், பக்கத்துப் பாலகாட் சுரங்கக் குடியிருப்பிலிருந்து நான் கொண்டுபோன கலங்கிய போர்வெல் தண்ணீரைக் கண்ணாடிக் குச்சி வழியாக மெதுவாக ஊற்றினார். கீழே பளிங்கு மாதிரி இறங்கியது.

“இனிமே குடிக்கலாம் இல்லீங்களா?” என்றேன்.

“இன்னா சார் நீங்க! பேப்பர்ல நின்னது மண்ணு மட்டும்தான். தண்ணியில கரைஞ்சது நிக்காது. அதுக்கு வேற டெஸ்ட் இருக்குது. ரிசல்ட் வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க,” என்று அதட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் தன் பாட்டிலைத் திறந்து குடித்தார். எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டேன்.

“எங்க வீட்டுக்கும் அதே போர்வெல்தான் சார். துணியில வடிகட்டி எடுத்தாந்தேன்.”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.