ஓடாத மீன்கள்

மகளுக்கு மீன் கொடுங்கள் என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்கள். நானும் நுவரெலியா மார்க்கெட்டுக்குப் போகிறேன். பனிக்கட்டியில் கிடக்கும் மீனின் கண்ணைப் பார்க்கிறேன், செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன், விலையும் கேட்கிறேன். பிறகு முட்டையோடு திரும்பி வருகிறேன். கணவருக்கு இது வேடிக்கை. காரணத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். ஆனால் எனக்கு நினைவிருப்பது நடந்தபடியேதானா, இல்லை பிள்ளை பெற்ற பிறகு வந்த பயம் பழைய நாட்களுக்குள் புகுந்து எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு அடுக்கி வைக்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்து நிறுத்திவிடுகிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பின் கடைசிக் காம்பராவில், ஒரே அறையில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா மருந்தடிப்பவர். தேயிலைக்கு நடுவில் முளைக்கும் புல்லைக் கருக வைக்கும் மருந்தை முதுகில் டாங்கியோடு சுமந்து மலை மலையாக அடிக்கும் வேலை. அவர் வாசலுக்கு வருமுன் அந்த வாடை வந்துவிடும். அதை நான் அப்பாவின் வாடை என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருடம் அம்மா முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று லயமே அவளைப் பார்த்துப் பார்த்து நடந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடமாட்டார்கள். மாதம் ஏறியும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கருவாட்டு வாடை ஆகவில்லை. டின் மீனைத் திறந்தாலே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். ஒருநாள் அடுத்த காம்பராப் பெரியம்மாவிடம், பச்சை மீனில் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் ஒரு பிடி சோறு தின்பேன் போலிருக்கிறது என்றாள். அது மாமாவின் காதில் விழுந்தது.

மாமா அம்மாவின் தம்பி. நுவரெலியாவில் மரக்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. லீவு கிடைத்தால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அவர் வந்தால் லயத்துக்கே தெரியும். மாமாவிடம் ஒரு விஷயம் போனால் அங்கே தங்காது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சந்தோஷமோ வருத்தமோ ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கடைசிக் காம்பராவில் கேட்டதை முதல் காம்பராவில் சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்க உட்காருவார்.

எங்கள் லயத்துக்குப் பின்னால், மேல்காட்டிலிருந்து தேயிலை மலையின் ஓரமாக ஓர் ஓடை இறங்குகிறது. தாண்டிக் குதிக்கக்கூடிய அகலம்தான். ஆனால் கை வைத்தால் எலும்பு வரை குளிரும். அதில் டிரவுட் உண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் தாங்கள் தூண்டில் போட்டு விளையாடுவதற்காகக் கடல் கடந்து கொண்டுவந்து விட்ட மீன். எங்கள் ஆட்கள் அதைத் துரை மீன் என்பார்கள். துரைமார் போய்விட்டார்கள், மீனின் துரைத்தனம் மட்டும் போகவில்லை. நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், அது அங்கே இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

மாமாவுக்கு அந்த மீனோடு பல வருடப் பகை. அது தண்ணீர் வரும் திசைக்கு முகம் வைத்து, கல்லுக்குப் பின்னால் ஆடாமல் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கீழேயிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, ஈரப் புல்லில் வயிற்றால் ஊர்ந்துதான் போவார். மூங்கில் கழி, தங்கூசி என்கிற நைலான் நூல், மண்புழு. நான் பின்னால் புழு டப்பாவோடு ஊர்வேன். பேசக் கூடாது, தும்மக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் அநேகமாக நனைந்த சட்டையோடும் கதையோடும் மட்டும் திரும்புவோம். தப்பிப்போன மீன் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருக்கும்.

அன்று சனிக்கிழமை. மூடுபனி மத்தியானமாகியும் விலகவில்லை. ஓடை தேங்கி ஆழமாகும் முதல் மடுவில் ஒன்றுமில்லை. இரண்டாவது மடுவுக்கு வந்து மாமா தலையைத் தூக்கினார், பிறகு எழுந்தே நின்றுவிட்டார். கரையோரம், ஓட்டம் இல்லாத இடத்தில், மீன்கள் தண்ணீருக்கு மேல் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதுகில் கறுப்புப் புள்ளிகளும் விலாவில் இளஞ்சிவப்புக் கோடும் அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. எங்கள் இருவரின் நிழலும் மேலே விழுந்தது. அவை ஓடவில்லை.

மாமா கழியைக் கீழே போட்டுவிட்டுக் கையை விட்டார். மீன் கைக்குள் வந்தது.

"எத்தன வருசமா என்கிட்ட வெளையாட்டுக் காட்டுனீங்க, வாங்கடா, வாங்க வாங்க!"

"ஏன் மாமா ஓடல?"

"அக்கா வயித்துல இருக்க என் மருமகன் கூப்புடுறான் பாப்பா. அதான் வருதுங்க."

நான் நம்பினேன். பிறக்காத தம்பி அங்கேயிருந்து கூப்பிட்டு மீன்கள் வந்ததாக நம்புவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. என் பாவாடையில் மீனை அள்ளிக்கொண்டு இறங்கினோம்.

மாமா நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்றார். பெரியம்மா ஒரு மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடேய், இது புடிச்சதா, செத்துக் கெடந்ததா?" என்றாள்.

"ஒங்க வாயில நல்லதே வராதா? இப்பத்தான் துள்ளுச்சு. பாப்பாவக் கேளுங்க."

நான் தலையாட்டினேன். துள்ளியதா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். துள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா அன்று சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவளே எழுந்து அடுப்பு மூட்டினாள், புளி கரைத்தாள். எனக்கென்று சின்ன மீன் ஒன்றைப் பொரித்துக் கையில் கொடுத்தாள். முள்ளோடு தின்றேன். குழம்பு கொதிக்கும்போது அப்பா வந்தார். வெட்டிப் போட்ட தலைகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"ஏது மீனு?"

"நம்ம ஓடையிலதான் மச்சான்" என்றார் மாமா. "நீங்க வாங்கிக் குடுக்கலன்னா என்னா, தாய்மாமன் நான் இருக்கேன்ல? தூண்டிலே போடல. கையாலயே அள்ளுனேன். சும்மா வந்து நிக்குதுங்க, எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு."

அப்பாவின் முகம் எப்படியோ ஆனது. அதைக் கோபம் என்று அன்று எடுத்துக்கொண்டேன்.

"நீ தின்னியா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க. சோறு வேகல."

அப்பா வெறுங்கையால் அந்தச் சட்டியை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பின்பக்கச் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். நாய்கள் ஓடி வந்தன. கல்லெடுத்து அடித்து விரட்டினார். ஒரு நாய்க்குக்கூடக் கொடுக்க மனம் வராத மனிதர் என்று நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்தேன். அவர் அதை இழுத்து முகர்ந்தார். அடுத்த கணம் என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்துத் தொண்டைக்குள் விரலை விட்டார். உப்புத் தண்ணீர் கொடுத்தார், மறுபடி விரலை விட்டார். நான் கத்தக் கத்த விடவில்லை. லயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன.

"புள்ளைய என்னா பண்றீங்க மச்சான்! நான் கொண்டாந்தது ஒங்களுக்குப் புடிக்கலன்னா என்னையச் சொல்லுங்க. தின்ன புள்ளையப் போய்..."

அப்பா என்னை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இனிமே இந்த வீட்டுக்கு எதையும் புடிச்சிட்டு வராத" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

லயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, நீ ஒன்னும் சொல்ல மாட்டியா?"

அம்மா பேசத் தெரியாதவள் அல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையையே நிறுத்தி வைத்துக் கேட்பவள். அன்று அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா பையை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கி ரோட்டுக்குப் போனார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்பா மண்வெட்டியை எடுத்துக் கானில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தார். அதன் பிறகு ஓடையில் எல்லோரும் குளிக்கிற, துணி துவைக்கிற இடத்துக்குப் போய், வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். மேலே நாய் செத்துக் கிடக்கிறதாம். நாற்றம் போகும் வரை யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாமாம்.

மறுநாள் காலையில் அந்த நாயைப் பார்க்க நான் தனியாக மேலே போனேன். காடு வரை போனேன். நாய் இல்லை. கல்லிடுக்கில் சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எடுத்துக்கொண்டு போனால் அப்பா மறுபடி விரலை விடுவார் என்று பயந்து விட்டுவிட்டு வந்தேன். அப்பா பொய்யும் சொல்வார் என்பது அன்றைக்கு எனக்குக் கூடுதலாகத் தெரிந்த செய்தி.

அதன் பிறகு அப்பா வேலையிலிருந்து வந்ததும் வாசலிலிருந்தே, "அசையுதா?" என்று அம்மாவைக் கேட்பார். அவள் தலையாட்டிய பிறகுதான் உள்ளே வருவார். என்னை அப்படி ஒருநாளும் கேட்டதில்லையே என்று எரிச்சலாக இருக்கும். தம்பி பிறந்தான். எடை குறைவு என்றார்கள், ஆனால் தங்கினான். ஆஸ்பத்திரியில் அப்பா அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா பார்க்க வரவில்லை. நான் பெரியவளானபோது தாய்மாமன் செய்ய வேண்டிய சீரை அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வந்து செய்தார். தண்ணீர் ஊற்றும்போது அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சாவுக்கும் மாமா வரவில்லை. கொழும்பில் இருக்கிறார் என்றார்கள், பிறகு வெளிநாட்டில் என்றார்கள்.

என் மகள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் எங்களை உட்கார வைத்துப் பேசினார். மருந்தடித்த மலைப்பக்கம் போகாதீர்கள், மருந்து டாங்கியைக் கழுவும் ஓடைத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். பக்கத்திலிருந்தவளுக்கு விளங்கவில்லை. நான் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓடை என்று சொன்ன இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. "என்னாங்க அக்கா, முடியலையா?" என்று அவள் கேட்டாள்.

டாங்கியைக் கழுவுவதற்கு மலை உச்சியில் தனியாக ஒரு தொட்டி இருந்தது. அன்று மழை வருமுன் முடிக்க வேண்டுமென்று அவ்வளவு தூரம் ஏறாமல் ஓடையிலேயே கழுவியிருப்பார்கள். யார் சொல்லிக் கழுவினார்களோ தெரியாது. அப்பாவும் கழுவினார் என்பதும் என் யூகம்தான். வெளியே தெரிந்திருந்தால் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து முதலில் வெட்டப்படுவது அப்பாவின் பெயராகத்தான் இருந்திருக்கும். பெயர் போனால் காம்பராவும் போயிருக்கும். அம்மா அன்று ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்றுதான் சொன்னாள். ஆனால் உள்ளங்கையில் குழம்பை விட்டு உப்புப் பார்க்காமல் அவள் எந்த நாளும் இருந்ததில்லை. தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். இருந்தாலும் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நான் அந்த உள்ளங்கையைத்தான் நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்கலாம். கேட்டு, அவளுக்கு மறந்திருந்ததை நான் ஞாபகப்படுத்திவிட்டால்?

மாமா போன அன்று பொழுது சாயும்போது அம்மா தண்ணீர் சுட வைத்து, கானோரம் அப்பாவை உட்கார வைத்து ஊற்றினாள். அவருடைய கைகளை இழுத்து வைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடியும் தேய்த்தாள். சட்டியைத் தூக்கியதில் விரல்கள் கொப்பளித்திருந்தன. அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாமாவைத் துரத்தியவருக்கு இவ்வளவு பணிவிடையா என்று கதவுக்குப் பின்னால் நின்று கொதித்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா மெதுவாகச் சொன்னது கேட்டது.

"தம்பிக்கிட்டச் சொல்லாம விட்டதே நல்லதுங்க. அவன் வாய் நிக்காது."

உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவ்வளவு ஆசையாக மீன் கொண்டுவந்த தம்பியை, போன பிறகும் குறை சொல்கிறாளே என்று எனக்கு அம்மாவைப் பிடிக்காமல் போனது. நெடுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வெளியே போவேன். அவள் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை, எதையும் விளக்கவில்லை. தலையை மட்டும் இழுத்து வைத்துச் சீவிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்புவாள். வீட்டில் நடந்ததையெல்லாம் வகுப்பில் ஒப்பிக்கிற என் வாயும் மாமாவின் வாய்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.